கன்றுக்குக் கொம்பு சுடும் வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்யலாமா? டெல்டாவில் எடுபடுமா?

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். ஈரோடு பக்கம் பெரிய மாட்டுப்பண்ணை ஒன்றில் கன்றுக் கொட்டகைப் பொறுப்பில் இருந்துவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அந்தப் பண்ணையில் எந்தக் கிடேரிக்கன்றும் இரண்டு மாதம் தாண்டிக் கொம்போடு இருக்காது, அதற்குள் கொம்பு முளைக்கும் குருத்தைச் சுட்டுவிடுவோம். டாக்டர் ஊசி போடுவார், நான் கன்றைப் பிடித்துக்கொள்வேன், போகப் போகச் சூட்டுக்கோலையும் என் கையில் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். அவர் பக்கத்திலேயே நிற்பார்.

இங்கே வந்து பார்த்தால் வீட்டுக்கு இரண்டு மூன்று ஜெர்சி கலப்பு நிற்கிறது, எல்லாம் கொம்போடு. சொசைட்டியில் பால் ஊற்ற நிற்கும்போது காதில் விழும் பேச்சில் பாதி இதுதான், இது அதை முட்டிவிட்டது, அது இதன் மடியைக் கிழித்துவிட்டது என்று. குறுவையும் சம்பாவும் மட்டும் நம்பி வீட்டை ஓட்ட முடியாது என்பதால் ஒரு யோசனை. குருத்தைச் சுடும் கேஸ் கருவி (டீஹார்னர்) ஒன்று வாங்கி, வண்டியில் ஊர் ஊராகப் போய், கன்றுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செய்துகொடுக்கலாமா? பத்து இருபது மாடு வைத்திருப்பவர்களிடம் வருஷ ஒப்பந்தமாகவே பேசலாம் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு கேட்பது, ஜனங்கள் காசு கொடுப்பார்களா, இதற்கு லைசென்ஸ் மாதிரி ஏதாவது வேண்டுமா, கேஸ் நல்லதா கரண்ட் நல்லதா, இல்லை குருத்தைப் பொசுக்கும் காரக் களிம்பு தடவினாலே போதும் சூடே வேண்டாம் என்கிறார்களே அது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மனம் நோகும்படி சொன்னாலும் பரவாயில்லை.

---

மருந்துப்பெட்டி:

தம்பி, நான் கால்நடை மருத்துவர், ஓய்வு பெற்றுவிட்டேன், இப்போது கூப்பிட்டால் போய்ப் பார்க்கிறேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1960ஆம் வருஷத்து பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11ஆவது பிரிவு எதெல்லாம் கொடுமை என்று அடுக்கிவிட்டு, மாட்டுக்குக் கொம்பு நீக்குவது, காயடிப்பது, மூக்கணாங்கயிறு போடுவது இதெல்லாம் 'குறிப்பிட்ட முறைப்படி' செய்தால் குற்றமில்லை என்று விட்டுவைத்தது. அந்த முறை என்ன என்று பல பத்தாண்டுகள் யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால் ஆளாளுக்குச் செய்தார்கள். 2023இல் மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. இப்போது பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் வேண்டும், மரத்துப்போகும் மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அது போக 1984 கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30ஆவது பிரிவு இருக்கிறது. பதிவில்லாதவர் கால்நடை வைத்தியம் செய்யக்கூடாது. டிப்ளமோ, சான்றிதழ் படித்தவர்களை மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சிறு சிகிச்சை செய்ய மாநில அரசு ஆணை போட்டு அனுமதிக்கலாம், அவ்வளவுதான். பண்ணையில் பழகினேன் என்பது இதில் எங்கும் வராது.

ஆகவே நீங்கள் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போகும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒரு மருத்துவரோடு சேர்ந்து போங்கள். அவர் ஊசி போட்டு, சுட்டு, மருந்து எழுதட்டும். ஊரைச் சேர்ப்பது, கன்றுக் கணக்கு வைப்பது, பிடிப்பது, கருவியைப் பார்த்துக்கொள்வது, பிறகு போய்ப் புண்ணைப் பார்ப்பது, வசூல் இதெல்லாம் உங்கள் வேலை. கேட்க உதவியாள் வேலை மாதிரி இருக்கும். ஆனால் எந்த டாக்டரும் செய்ய நேரமில்லாத வேலை அதுதான்.

ஏன் இரண்டு மாதத்துக்குள் என்று ஜனங்கள் கேட்பார்கள், பதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த புதிதில் கொம்புக் குருத்து தோலோடு மட்டும்தான் இருக்கும், விரலால் அசைத்தால் அசையும். இரண்டு மாதவாக்கில் அது மண்டை எலும்போடு ஒட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் தாண்டினால் நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை கொம்புக்குள்ளேயே நீண்டுவிடும், அப்போது அறுத்தால் மண்டையில் ஓட்டை திறந்த மாதிரிதான், ரத்தம், சீழ், ஈ, புழு எல்லாம் வரும். பெரிய மாட்டைக் காட்டி 'இதையும் முடித்துவிடு தம்பி' என்று நூறு ரூபாய் கூடக் கொடுப்பார்கள். தொடாதீர்கள். அதை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புங்கள்.

ஊசி விஷயம். கண்ணின் வெளிமுனைக்கும் குருத்துக்கும் நடுவில் விரலை வைத்தால் எலும்பு விளிம்பு ஒன்று தட்டுப்படும், அதற்குக் கீழேதான் கொம்புக்குப் போகும் நரம்பு. மரத்துப்போகும் மருந்தான 2 சதவீத லிக்னோகெய்ன் ஒரு பக்கத்துக்கு 5 மி.லி. அளவில் போடுவோம். போட்டதும் சுடக்கூடாது, பத்து நிமிஷமாவது விட வேண்டும். மேல் இமை லேசாகத் தொங்கிப்போயிருக்கும். குருத்தைச் சுற்றி ஊசிமுனையால் குத்திப் பார்த்தால் கன்று தலையை இழுக்கக்கூடாது. இழுத்தால் இன்னும் மரக்கவில்லை. இரண்டாவது கன்றுக்குப் போட்டுவிட்டு முதல் கன்றுக்குத் திரும்பி வந்தால் நேரம் சரியாக இருக்கும்.

அந்த மருந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும், சூட்டு வலி அதற்கு மேலும் இருக்கும். அதற்கு மெலாக்சிகாம் என்ற வலி மருந்து. டைக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மருந்தின் பழைய பாட்டில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், மாட்டுக்கு அது 2006இலேயே தடை, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் கூண்டோடு போனதற்கு அதுதான் காரணம். இது கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மருந்துக்கடையில் இன்னும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

---

ஆறு மாட்டுக்காரி:

நான் வலங்கைமான் பக்கம். ஆறு மாடு, எல்லாம் கலப்பு. வீட்டுக்காரர் சிங்கப்பூரில். பால் கறப்பது, கட்டுவது, அவிழ்ப்பது எல்லாம் நானும் மாமியாரும்தான், அதனால் கொம்பு பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

காசு கொடுப்பார்களா என்று கேட்கிறீர்கள் தம்பி. கறவையில் இருக்கிற மாட்டின் காம்பை இன்னொன்று கிழித்துவிட்டால் அது கறக்கக் கறக்க ஆறவே ஆறாது, அப்புறம் மடிநோய், அந்தக் காம்பு அந்த ஈத்துக்கு அவ்வளவுதான். அதை ஒரு தடவை பார்த்தவர்கள் கொடுப்பார்கள். பார்க்காதவர்கள் 'ஆஸ்பத்திரியில் சும்மா செய்வார்களே' என்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கன்றை எதில் ஏற்றிக்கொண்டு போவது, டாக்டர் அன்றைக்கு முகாமுக்குப் போயிருந்தால் என்ன செய்வது, இதையெல்லாம் அவர்களே யோசித்து முடிப்பதற்குள் கொம்பு விரல் நீளம் வந்துவிடும்.

நான் என்ன தருவேன் என்று சொல்கிறேன். ஊசி, மருந்து, பத்து நாள் கழித்து ஒருமுறை வந்து பார்ப்பது எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய் என்றால் யோசிக்காமல் தருவேன். ஐந்நூறு என்றால் இரண்டு கன்று சேரட்டும் என்று தள்ளிப்போடுவேன், தள்ளிப்போட்டால் வயசு தாண்டிவிடும், உங்களுக்கும் நஷ்டம் எனக்கும் நஷ்டம். காளைக்கன்றுக்கு ஒரு பைசா தர மாட்டேன். அது எங்கள் வீட்டில் எவ்வளவு நாள் இருக்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் வந்தார், யார் என்ன என்பது வேண்டாம். ஊசி கீசி ஒன்றும் கிடையாது. அடுப்பில் கம்பியைக் காய்ச்சி, கன்றைக் கீழே தள்ளி, காலால் அழுத்திக்கொண்டு வைத்தார். அது போட்ட சத்தத்தில் தாய் மாடு கட்டுத்தறியைப் பிடுங்கிவிட்டது. மூன்று நாள் கன்று பாலைத் தொடவில்லை. இவ்வளவும் பண்ணி, ஒரு பக்கம் முழுதாகச் சுடவில்லை, அந்தப் பக்கக் கொம்பு கோணலாக முளைத்து வளைந்து கண்ணைக் குத்த வருகிறது, வருஷம் இரண்டு தடவை நுனியை அறுக்க வேண்டியிருக்கிறது. இன்றைக்கும் எங்கள் தெருவில் 'கொம்பு சுடுகிறேன்' என்று யாராவது வந்தால் அந்தக் கன்றின் சத்தம்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். நீங்கள் எங்கள் தெருவுக்கு வந்தால் முதலில் என் வீட்டில் செய்யுங்கள், நாலு பேரைப் பக்கத்தில் நிற்க வைத்துச் செய்யுங்கள். மரத்துப்போன கன்று சும்மா நிற்பதை அவர்கள் கண்ணால் பார்த்தால் போதும், நோட்டீஸே வேண்டாம்.

களிம்பு பற்றி: எங்கள் ஊருக்கு அது ஆகாது. இங்கே கன்றை விட்டுச் சுரக்க வைத்துத்தான் கறக்கிறோம். தலையில் காரத்தைத் தடவிக்கொண்டு கன்று மடியை முட்டினால் மடி வெந்துபோகும். தாய் நக்கினால் நாக்கு போகும். ஐப்பசி மழையில் நனைந்தால் கரைந்து கண்ணுக்குள் இறங்கும். பிறந்ததும் தாயைப் பிரித்து பாட்டிலில் பால் கொடுக்கிற பண்ணைக்கு வேண்டுமானால் சரி.

---

தெற்குத்தீவு:

பட்டுக்கோட்டைக்காரன், நியூசிலாந்தில் கேன்டர்பரி பக்கம் பால்பண்ணையில் வேலை பார்த்தவன். அங்கே இது ஒரு முழுநேரத் தொழில். ஒப்பந்தக்காரர் வண்டிக்குப் பின்னால் கூண்டு ஒன்றை இழுத்துக்கொண்டு வருவார், கன்றுகள் ஒரே பட்டியில் அடைத்திருக்கும், ஒவ்வொன்றாகக் கூண்டுக்குள் விட்டு, ஊசி, முடி வெட்டு, சூடு, மருந்துத் தெளிப்பு என்று காலையிலேயே ஒரு பண்ணையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவார். நிறைய பேர் டாக்டர் இல்லை, டாக்டரிடம் பயிற்சி எடுத்து, அவர் அனுமதியோடு மருந்து வைத்திருப்பவர்கள். 2019 அக்டோபர் 1 முதல் மரத்துப்போகும் மருந்து இல்லாமல் அங்கே குருத்தைச் சுடவே கூடாது.

ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது தம்பி, காரணம் சட்டம் மட்டும் இல்லை. அங்கே பெரும்பாலான பண்ணைகளில் மாடெல்லாம் ஒரே பருவத்தில் ஈனும், ஆகஸ்டில் கன்று வந்து கொட்டும், ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் நிற்கும். நம் ஊரில் ஒரு கன்று நீடாமங்கலத்தில், ஒன்று கோவில்வெண்ணியில், ஒன்று ஆற்றுக்கு அந்தக்கரையில், அதுவும் வருஷம் பூராவும் சிதறிச் சிதறிப் பிறக்கும். கூப்பிட்டபோதெல்லாம் ஓடினால் வாங்குகிற முந்நூறில் பாதி பெட்ரோலுக்கே போய்விடும்.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒப்பந்தம் எழுதுகிற பழக்கத்தைத்தான். ஒரு பக்கம் போதும், தமிழிலேயே எழுதுங்கள். எந்த வயசு வரைக்கும் எடுப்போம், கழிச்சலோ காய்ச்சலோ இருக்கிற கன்றைத் தொடமாட்டோம், மாட்டுக்காரர் அன்று காலையில் கன்றைக் கட்டிவைத்திருக்க வேண்டும், ஒரு ஊருக்கு வருவதற்குக் குறைந்தது இத்தனை கன்று, கொம்பு திரும்ப முளைத்தால் காசில்லாமல் மறுபடி செய்வோம், மாட்டின் காதில் மாட்டும் அடையாளத் தோட்டின் 12 இலக்க எண் ரசீதில் இருக்கும். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். ஆறு மாதம் கழித்து யாராவது வேறு ஒரு கன்றைக் காட்டி 'நீ சுட்டதுதான்' என்று சண்டைக்கு வந்தால் அந்த எண்தான் பேசும். சின்னக் கன்றுக்குத் தோடு இன்னும் போட்டிருக்காது, அப்போது தாயின் எண்ணை எழுதுங்கள்.

---

சினைஊசி:

மேலே அவர் சொன்ன சிதறல் பிரச்சினைக்கு வழி இருக்கிறது. நான் மன்னார்குடி வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ச் சினை ஊசி போடுகிறவன். என் நோட்டில் எந்த வீட்டு மாட்டுக்கு என்றைக்கு ஊசி போட்டது, சினை நின்றதா இல்லையா எல்லாம் இருக்கிறது. ஊசி போட்ட நாளிலிருந்து ஒன்பது மாதம் பத்து நாள் கூட்டினால் கன்று போடும் தேதி, சில நாள் முன்னே பின்னே. அதோடு இன்னும் பதினைந்து நாள் கூட்டினால் உங்கள் தேதி. இந்த நோட்டு உள்ளவர்களோடு பழகிக்கொண்டால் எந்த ஊரில் எந்த மாதம் எத்தனை கன்று என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். பாலினம் பிரித்த விந்து போட்ட வீடு என்றால் அநேகமாகக் கிடேரிதான் பிறக்கும், அந்த வீடுகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், காசு கொடுத்துச் செய்துகொள்ளும் வீடுகள் அவைதான்.

இன்னொரு கணக்கும் பார்த்தேன். பதினைந்தாம் நாளிலிருந்து அறுபதாம் நாள் வரை சுடலாம் என்று வைத்துக்கொண்டால் 45 நாள் அவகாசம் இருக்கிறது. ஒரு ஊருக்கு நாலு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போனால் அந்த ஊரில் பிறக்கும் எந்தக் கன்றும் ஒருமுறையாவது உங்கள் கையில் மாட்டியே தீரும். போன அன்று கன்றுக்குக் கழிச்சல் என்று விட்டுவிட்டு வந்தாலும் சின்னதாக இருந்தால் அடுத்த முறை பிடித்துவிடலாம். ஆகவே போன் வந்தால் ஓடுகிற வேலையை வைத்துக்கொள்ளாமல், இந்தச் சாலையில் இருக்கிற ஊர்களுக்கு முதல் செவ்வாய், அந்தச் சாலைக்கு இரண்டாம் செவ்வாய் என்று கிழமை கட்டிவிடுங்கள். வாரச்சந்தை மாதிரி ஜனங்களுக்கே நாள் பழகிவிடும். டாக்டருக்கும் வாரத்தில் ஒரு நாள் ஒதுக்குவது சுலபம். அன்றைக்கே அவர் சினை பார்ப்பது, கன்றுக்குக் குடற்புழு மருந்து, கூடுதலாக இருக்கும் ஐந்தாவது காம்பை எடுப்பது என்று நாலு வேலை பார்த்துக்கொண்டால் அவர் வரவும் கட்டுப்படியாகும்.

எனக்கு என்ன தருவீர்கள் என்று இங்கே கேட்கவில்லை. நேரில் பேசிக்கொள்ளலாம்.

---

வெண்ணாற்றங்கரை:

டாக்டர் சார், அக்கா, அண்ணன்களுக்கு நன்றி. தனியாகப் போகும் யோசனையை விட்டுவிட்டேன். நாலு வாரக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் முழுக் கதையும் போலிருக்கிறது. இன்னும் இரண்டு கேள்வி. கேஸா கரண்டா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அப்புறம் நாட்டு மாடு வைத்திருப்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் அடிக்கிற ஊரில் கொம்பே வேண்டாம் என்று போய் நின்றால் அடி விழுமா?

---

தெற்கத்திமாடு:

அடி விழாது, சிரிப்பார்கள். ஏனென்றால் கொம்பு சுடுவதை டெல்டாவுக்கு நீங்கள் புதிதாகக் கொண்டுவரவில்லை. நான் தலைஞாயிறு பக்கம், உம்பளச்சேரி மாடு வைத்திருக்கிறேன். எங்கள் மாட்டுக்கு மொட்டை மாடு என்றே ஒரு பேர் உண்டு. உழவுக் காளைகளுக்குக் கொம்பைத் தீய்த்து, காதைக் கத்தரித்துவிடும் பழக்கம் இந்த இனத்துக்கென்றே இருந்தது. சேற்று உழவுக்கு ஜோடி கட்டும்போது ஒன்றை ஒன்று முட்டாது, மொட்டைத் தலையும் கத்தரித்த காதுமாக நின்றால்தான் அது தெற்கத்தி மாடு என்று சந்தையில் அடையாளம். சூடுபோட என்றே கை தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். உழவு டிராக்டருக்குப் போன பிறகு அந்த ஆட்களும் இல்லை, அந்தத் தேவையும் இல்லை.

அந்தப் பழக்கத்தை இன்றைக்குக் காட்டி 'எங்கள் தாத்தா ஊசி இல்லாமல் செய்யவில்லையா' என்று சில பேர் பேசுவார்கள். அவர்களிடம் வாதாடாதீர்கள், டாக்டரைப் பேசவிடுங்கள். என் அபிப்பிராயம், இப்போது உம்பளச்சேரியை உழவுக்காக வைத்திருப்பவர்கள் குறைவு, இனம் அழியக்கூடாது என்று வைத்திருப்பவர்கள்தான் அதிகம், அவர்களுக்குக் கொம்பு இருந்தால்தான் பெருமை. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் அரசுப் பண்ணையே இந்த இனத்துக்காக இருக்கிறது, ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் தொழிலைக் கட்டிப்போட்டு வளர்க்கிற ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) கலப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாட்டு மாட்டுக்காரர் தானாகக் கேட்டால் செய்யுங்கள், நீங்களாகப் போய்க் கேட்காதீர்கள்.

---

மருந்துப்பெட்டி:

கேஸா கரண்டா. கரண்டில் சூடு ஒரே சீராக இருக்கும், ஆனால் கொட்டிலில் பிளக் எங்கே இருக்கிறது, ஈரத் தரையில் ஒயரை இழுத்துக்கொண்டு நிற்பது, நடுவில் கரண்ட் போவது என்று பார்த்தால் ஊர் ஊராகப் போகிறவருக்குக் கேஸ்தான் சரி. ஆனால் கேஸ் என்றால் நம் பக்கம் ஒரு பயம் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. கொட்டகை முக்கால்வாசி கீற்று. பக்கத்தில் வைக்கோல் போர். கொட்டகைக்குள் சூட்டுக்கோலைப் பற்றவைக்கவே கூடாது. வாசலில், திறந்த இடத்தில், வைக்கோல் சிதறாத தரையில், ஒரு வாளித் தண்ணீரோடு. சுட்டு முடித்த கோலைத் தரையில் போட்டுவிட்டுக் கன்றை அவிழ்க்கப் போகாதீர்கள், இரும்புத் தகரப் பெட்டி ஒன்று வைத்து அதில் நிறுத்துங்கள். ஒரு போர் எரிந்தால் நூறு கன்றின் வருமானம் போதாது.

சுடும்போது அழுத்தத்தை விட நேரம் முக்கியம். முடியைக் கத்தரித்துவிட்டு, முனை நன்றாகச் சிவக்கக் காய்ந்த பிறகு, குருத்தைச் சுற்றி வைத்து மணிக்கட்டை மெதுவாகத் திருப்ப வேண்டும். பத்து முதல் பதினைந்து வினாடி. எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் செம்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிய வேண்டும், எங்கும் விட்டுப்போகாமல். வளையம் எந்த இடத்தில் அறுந்திருக்கிறதோ அந்த இடத்திலிருந்துதான் மேலே அந்த அம்மா சொன்ன கோணல் கொம்பு முளைக்கும். அதற்காக நீண்ட நேரம் அழுத்திக்கொண்டே இருந்தால் சூடு மண்டைக்குள் இறங்கும். காயாத கோலை வைத்து நேரத்தால் ஈடுகட்டப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிற தப்பு, கேஸ் தீரப்போகிற நேரத்தில் கடைசிக் கன்றுக்கு இது நடக்கும். ஆகவே கடைசிக் கன்றுக்கு முன்னால் கேஸை மாற்றிவிடுங்கள்.

பொருக்கு விழுந்து முழுதாக ஆற இரண்டு மாதம் வரை ஆகும். அதுவரை பொருக்கைப் பிய்க்கக்கூடாது, சாணி மஞ்சள் என்று எதையும் அப்பக்கூடாது. சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவினால் ஈ அண்டாது, புண் மேலேயே ஊற்ற வேண்டாம். ஈரம் கசிந்தாலோ நாற்றம் வந்தாலோ கன்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றாலோ உடனே போன் செய்யச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈயும் சேறும் அதிகம், அந்த நேரம் கொட்டில் காய்ந்திருக்கிற வீட்டில் மட்டும் செய்யலாம். சித்திரை, வைகாசியில் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். ஊரில் அம்மை, அதாவது தோல் கழலை நோய், இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மாதம் அந்த ஊரையே விட்டுவிடுங்கள். கயிறும் கையும் வண்டியும் வீடு வீடாக நோயைக் கொண்டுபோகும் என்பதை மறக்கக்கூடாது. நோய் இல்லாத நாளிலும் ஒரு வீட்டுக் கயிற்றை அடுத்த வீட்டுக் கன்றின் மூஞ்சியில் மாட்டாதீர்கள், அவரவர் கயிறு.

கொம்பில்லாமலே பிறக்கும் இனக்காளைகள் வெளிநாட்டில் இருக்கின்றன. அந்தக் குணம் மேலோங்கி நிற்கும் குணம், அப்பன் காளையிடம் அதற்கான மரபணு இரண்டு பிரதியாக இருந்தால் பிறக்கிற கன்று எல்லாம் மொட்டைதான். புது விதிகளும் அந்த வழியைத்தான் விரும்புகின்றன. அந்த விந்துக்குச்சி நம் சினைஊசிக்காரர் பெட்டிக்குள் வழக்கமாக வரும் வரைக்கும் உங்களுக்கு வேலை இருக்கும்.

---

ஆறு மாட்டுக்காரி:

டாக்டர் சார், ஆட்டுக்குட்டிக்கும் இதே மாதிரி செய்யலாமா? நாத்தனார் வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள், தம்பி வரும்போது அதையும் சேர்த்து முடித்துவிடலாமே என்று கேட்கிறார்கள்.

---

மருந்துப்பெட்டி:

வேண்டாம் அம்மா. ஆட்டுக்குட்டியின் மண்டை ஓடு மெல்லிசு, கன்றுக்கு வைக்கிற கோலை அதே நேரம் வைத்தால் மூளை வெந்து குட்டி செத்துப்போகும். உடம்பும் சின்னது, கன்றுக்குப் போடும் அளவு மரப்பு மருந்து போட்டால் அதுவே விஷம். தம்பி, நோட்டீஸில் 'கன்றுக்கு மட்டும்' என்று பெரிய எழுத்தில் போடுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை:

போட்டுவிட்டேன். சொசைட்டியில் ஒட்ட இப்படி எழுதியிருக்கிறேன், திருத்திக் கொடுங்கள்:

"கறவை மாடு வளர்ப்போர் கவனத்துக்கு. 15 நாள் முதல் 60 நாள் வரையான கலப்பினக் கிடேரிக்கன்றுகளுக்கு, கால்நடை மருத்துவர் நேரில் வந்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, கொம்புக் குருத்து நீக்கித் தரப்படும். வலி மருந்தும் பத்தாம் நாள் பரிசோதனையும் சேர்த்துக் கன்றுக்கு ரூ.300. திரும்ப முளைத்தால் இலவசமாகச் செய்து தரப்படும். கன்றுக்கு மட்டும். பெரிய மாடு, ஆடு எடுக்கப்படாது. நம் ஊருக்கு மாதத்தின் முதல் செவ்வாய், காலை 8 மணி முதல்."

---

சினைஊசி:

'குறைந்தது 5 கன்று சேர்ந்தால்' என்று ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் ஒரு கன்றுக்கு டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பீர்கள். சேரவில்லை என்றால் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடலாம், பட்டியல் நான் தருகிறேன்.

---

ஆறு மாட்டுக்காரி:

எட்டு மணி சரி, அதற்கு முன்னால் வராதீர்கள், எல்லோரும் சொசைட்டியில் நிற்போம். அப்புறம் போன் நம்பருக்குக் கீழே 'சாயங்காலம் நாலு முதல் ஆறு வரை போன் செய்ய வேண்டாம்' என்று போடுங்கள். அது கறவை நேரம், பால் கறந்துகொண்டே போனில் பேசி வாளியைக் கவிழ்த்தவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். என் வீட்டில் மூன்று வாரக் கிடேரி ஒன்று இருக்கிறது, இந்த மாதம் பட்டியலில் முதல் பெயராக எழுதிக்கொள்ளுங்கள்.